டெபியன் வெளியீட்டுக் கிளைகள்

டெபியன் என்பது தன்னார்வலர்கள் உருவாக்கிப் பராமரிக்கும் ஒரு கட்டற்ற, திறந்த மூல இயங்குதளம் ஆகும். இதனை 1993 ஆகஸ்டு 16 அன்று இயன் மர்டாக் தொடங்கினார். இதன் மென்பொருள்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் மூன்று முதன்மைக் கிளைகளில் பராமரிக்கப்படுகின்றன. அவை நிலையான கிளை (ஸ்டேபிள்), சோதனைக் கிளை (டெஸ்டிங்), நிலையற்ற கிளை (அன்ஸ்டேபிள்) என்பனவாகும். புதிய மென்பொருள் முதலில் நிலையற்ற கிளையில் நுழைந்து, சோதனைக் கிளையைக் கடந்து, இறுதியில் நிலையான வெளியீடாகப் பயனர்களைச் சென்றடைகிறது.

"நிலையான" என்ற சொல் இங்கு "மாறாத" என்ற பொருளில் வழங்குகிறது. "பிழையற்ற" என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் கிளையைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேவையற்ற சிக்கல்களுக்கு ஆளாகின்றனர். கிளைகள் செயற்படும் முறையையும், அவை எங்கே காப்பாற்றின, எங்கே தவறின என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கிளை என்பதன் பொருள்

ஒரு பாடநூலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பிய பாடநூலில் ஆண்டின் நடுவே பாடங்களை மாற்ற இயலாது. பிழை தென்பட்டால் ஒரு பிழைதிருத்தத் தாள் மட்டும் அனுப்பப்படும். அதே வேளையில் அடுத்த பதிப்புக்கான கையெழுத்துப்படியில் ஆசிரியர் குழு பாடங்களைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக இருக்கும். இரண்டும் ஒரே நூலில் இருந்து பிரிந்தவை. ஒன்று மாறாமல் இருக்க வேண்டும். மற்றொன்று மாறியே ஆக வேண்டும்.

மென்பொருளில் இவ்வாறு பிரிந்து செல்லும் வடிவங்களே கிளைகள் எனப்படுகின்றன. வங்கி, மருத்துவமனை, இணைய வழங்கி போன்றவற்றை நடத்துவோருக்கு நேற்று இயங்கிய நிரல் இன்றும் அதேபோல் இயங்க வேண்டும். மென்பொருள் உருவாக்குவோருக்கோ புதிய வசதிகளை உடனே சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஒரே கிளையில் இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்ய முடியாது.

பெயர்கள் வந்த வரலாறு

டெபியனில் 1.0 என்ற வெளியீடே இல்லை. 1995ஆம் ஆண்டின் இறுதியில், முடிவடையாத நிலையில் இருந்த ஒரு வளர்நிலைப் பதிப்பை, குறுவட்டு விற்கும் நிறுவனம் ஒன்று தவறுதலாக "டெபியன் 1.0" என்று பெயரிட்டு விற்பனைக்கு அனுப்பிவிட்டது. அது சரியாக இயங்கவில்லை. மெய்யான 1.0 வெளிவந்தால் இந்தத் தவறான குறுவட்டுடன் குழப்பம் ஏற்படும் என்பதால் அந்த எண்ணே கைவிடப்பட்டது. அடுத்த வெளியீடு 1996 ஜூன் மாதத்தில் 1.1 என்ற எண்ணுடன் வந்தது.

முடிவடையாத பதிப்பு எண்ணுடன் காணப்பட்டால் அதனை முடிந்த வெளியீடு என்று பிறர் எண்ணக்கூடும். எனவே களஞ்சியத்தில் பதிப்புகளுக்கு எண்ணுக்குப் பதிலாகப் புனைபெயர் சூட்டும் வழக்கம் ஏற்பட்டது. அப்போது டெபியன் திட்டத்தின் தலைவராக இருந்த புரூசு பெரென்சு பிக்சார் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நிறுவனத்தின் "டாய் ஸ்டோரி" திரைப்படத்தில் வரும் பொம்மைகளின் பெயர்களே புனைபெயர்களாயின. 1.1 பதிப்பு "பஸ்" என்றும், 2002இல் வந்த 3.0 "வுடி" என்றும், 2023இல் வந்த 12 "புக்வோர்ம்" என்றும், 2025இல் வந்த 13 "டிரிக்சி" என்றும் பெயர் பெற்றன.

நிலையற்ற கிளைக்கு மட்டும் "சிட்" என்ற நிலையான பெயர் உண்டு. அத்திரைப்படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் அண்டை வீட்டுச் சிறுவனின் பெயர் அது. பொதிகள் உடைய வாய்ப்புள்ள இடம் என்பதால் இப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

புனைபெயருக்கும் கிளைப்பெயருக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். "ஸ்டேபிள்" என்பது தலைமையாசிரியர் என்பது போன்ற ஒரு பதவி. "புக்வோர்ம்", "டிரிக்சி" என்பன அப்பதவிக்கு வந்தவர்களின் பெயர்கள். 2025 ஆகஸ்டு 9 அன்று டிரிக்சி வெளியானதும் அதுவே "ஸ்டேபிள்" ஆயிற்று. புக்வோர்ம் "பழைய ஸ்டேபிள்" என்ற நிலைக்குச் சென்றது. ஒருவர் தம் கணினியின் களஞ்சியப் பட்டியலில் "ஸ்டேபிள்" என்று எழுதியிருந்தால், புதிய வெளியீட்டுக்குப் பிறகு அவர் செய்யும் வழக்கமான இற்றைப்படுத்தல் முழு இயங்குதளத்தையும் மாற்றும் பணியாக மாறிவிடும். "புக்வோர்ம்" என்று புனைபெயரை எழுதியிருந்தால் அவர் விரும்பும் நாளில் மட்டும் மாறிக்கொள்ளலாம்.

மூன்று கிளைகள்

நிலையற்ற கிளை: பொதிப் பராமரிப்பாளர்கள் புதிய பதிப்புகளை நாள்தோறும் இங்கு பதிவேற்றுகின்றனர். இக்கிளை ஒருபோதும் வெளியிடப்படுவதில்லை. இங்கே "நிலையற்ற" என்பது முதன்மையாக "ஓயாமல் மாறுகிற" என்ற பொருளைத் தரும். பல மேம்பாட்டாளர்கள் தம் அன்றாடப் பணிக்கு இதையே பயன்படுத்துகின்றனர். எப்போதாவது ஏதேனும் உடைந்தால் அதைச் சரிசெய்யும் திறன் அவர்களுக்கு உண்டு.

சோதனைக் கிளை: இது அடுத்த நிலையான வெளியீடு உருவாகும் இடம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் இக்கிளை ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முன் நிலையற்ற கிளையின் நகல் ஒன்றை உறைய வைத்து வெளியீட்டைத் தயாரிக்க வேண்டியிருந்தது.  வெளியீட்டைத் தயாரிப்பதை எளிதாக்கவே இடைப்பட்ட கிளை தோன்றியது.

நிலையான கிளை: இதுவே பொதுப் பயன்பாட்டிற்கான அதிகாரப்பூர்வ வெளியீடு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் நீண்டகால ஆதரவுக் குழுவின் துணையுடன் மேலும் இரண்டு ஆண்டுகளும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன.

ஒரு பொதியின் பயணம்

நிலையற்ற கிளையில் இருந்து சோதனைக் கிளைக்குப் பொதிகளை மாற்றும் பணியை "பிரிட்னி" என்ற நிரல் செய்கிறது. அது ஒவ்வொரு பொதிக்கும் சில நிபந்தனைகளைச் சரிபார்க்கிறது.

முதலாவது, காத்திருப்புக் காலம். பதிவேற்றும்போது பராமரிப்பாளர் குறிப்பிடும் அவசரத்தின் அளவைப் பொறுத்து ஒரு பொதி பொதுவாக 10, 5 அல்லது 2 நாள்கள் நிலையற்ற கிளையில் இருக்க வேண்டும். அந்நாள்களில் அதைப் பயன்படுத்துவோர் வழுக்களைக் கண்டறிந்து அறிவிக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

இரண்டாவது, வழுக்கள். ஏற்கெனவே சோதனைக் கிளையில் உள்ள பதிப்பில் இல்லாத, வெளியீட்டையே தடுக்கக்கூடிய கடுமையான வழு எதுவும் புதிய பதிப்பில் இருக்கக்கூடாது.

மூன்றாவது, தொகுப்பு. டெபியன் பல வகைச் செயலிகளில் இயங்குகிறது. ஒரு பொதி முன்பு எந்தெந்தச் செயலி வகைகளுக்குக் கிடைத்ததோ அவை அனைத்திற்கும் புதிய பதிப்பும் வெற்றிகரமாகத் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, சார்புகள். ஒரு பொதி இயங்கப் பிற பொதிகள் தேவைப்படும். புதிய பொதி நுழைவதால் சோதனைக் கிளையில் உள்ள வேறு எந்தப் பொதியும் நிறுவ இயலாத நிலைக்குச் செல்லக்கூடாது. பெரிய நிரலகம் ஒன்று மாறும்போது அதைச் சார்ந்த நூற்றுக்கணக்கான பொதிகள் ஒன்றாகவே நகர வேண்டியிருக்கும்.

இவற்றுடன் தானியங்கிச் சோதனைகளும் நடைபெறுகின்றன. முன்பு வெற்றி பெற்ற சோதனை ஒன்று புதிய பொதியால் தோல்வியுற்றால் அப்பொதி நிறுத்தி வைக்கப்படும்.

உறைநிலைக் காலம்

வெளியீடு நெருங்கும்போது சோதனைக் கிளை படிப்படியாக உறைய வைக்கப்படுகிறது. முதலில் பல பொதிகளைப் பாதிக்கும் பெரிய நிரலக மாற்றங்கள் நிறுத்தப்படும். அடுத்து, சோதனைக் கிளையில் இல்லாத புதிய பொதிகள் நுழைவது தடுக்கப்படும். பின்னர் முக்கியமான பொதிகளில் சிறு திருத்தங்கள் மட்டும் ஏற்கப்படும். இறுதிக் கட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்தையும் வெளியீட்டுக் குழு நேரடியாகப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். புக்வோர்ம் வெளியீட்டுக்காக 2023 ஜனவரியில் தொடங்கிய உறைநிலை, ஜூன் 10 அன்று வெளியீட்டுடன் முடிவுற்றது.

டெபியன் வெளியீடு "தயாரானதும் வரும்" என்பது நெடுநாள் வழக்கம். இதற்கு விலையும் உண்டு. 2002 ஜூலையில் வுடி வந்த பிறகு அடுத்த வெளியீடான சார்ஜ் 2005 ஜூனில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பயனர்கள் பழைய மென்பொருளுடன் காத்திருக்க நேர்ந்தது. உறைநிலை தொடங்கும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் பின்னாளில் ஏற்பட்டது. உறைநிலைக்கு நாள் குறிக்கப்பட்டாலும், வெளியீடு கடுமையான வழுக்கள் தீரும் வரை காத்திருக்கிறது.

நிலையான கிளையில் மாறுபவை

நிலையான கிளையிலும் இரண்டு வகை மாற்றங்கள் வருகின்றன. ஒன்று, பாதுகாப்புக் குழு உடனுக்குடன் அனுப்பும் திருத்தங்கள். மற்றொன்று, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை திருத்தங்களைத் தொகுத்து வெளியிடும் இடைவெளியீடுகள். 12.1, 12.2 என்பன அவ்வாறு வந்தவை.

இத்திருத்தங்கள் செய்யப்படும் முறை மாணவர்கள் பலருக்கு வியப்பளிக்கும். ஒரு மென்பொருளின் புதிய பதிப்பில் பாதுகாப்புக் குறை நீக்கப்பட்டால், டெபியன் பொதுவாக அப்புதிய பதிப்பை நிலையான கிளைக்குக் கொண்டுவருவதில்லை. குறையை நீக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துகிறது. இதனால் மென்பொருளின் நடத்தை மாறாமல் குறை மட்டும் நீங்குகிறது. பாடநூல் எடுத்துக்காட்டில் கூறிய பிழைதிருத்தத் தாள் இதுவே. இணைய உலாவி போன்று இவ்வாறு பிரித்துத் திருத்துவது கடினமான சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு.

ஆகவே நிலையான கிளையில் பதிப்பெண்ணின் முற்பகுதியை மட்டும் பார்த்து "இது பழையது, பாதுகாப்பற்றது" என்று முடிவு செய்யக்கூடாது. பதிப்பெண்ணின் இறுதியில் டெபியன் சேர்க்கும் திருத்த எண்ணையே பார்க்க வேண்டும். பதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடும் சில சோதனைக் கருவிகளும் இவ்வகையில் தவறான எச்சரிக்கை தருவதுண்டு.

கிளைகள் சோதிக்கப்பட்ட மூன்று நிகழ்வுகள்

2024 மார்ச் 29 அன்று, "எக்ஸ்இசட்" என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அறிவித்தார். நிலையற்ற கிளையை இயக்கிய தம் கணினியில், தொலைவிலிருந்து உள்நுழையும் "எஸ்எஸ்எச்" சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதை அவர் கவனித்தார். காரணத்தைத் தேடியபோது பின்வாசல் வெளிப்பட்டது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர், ஈராண்டுகளுக்கும் மேலாகப் பங்களித்து நம்பிக்கை பெற்று, அதனை 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் நுழைத்திருந்தார். பாதிக்கப்பட்ட பொதி டெபியனின் நிலையற்ற கிளையையும் சோதனைக் கிளையையும் அடைந்திருந்தது. நிலையான கிளையில் பழைய 5.4 வரிசைப் பதிப்பே இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை. உலகெங்கும் இயங்கும் டெபியன் வழங்கிகளில் பெரும்பாலானவை நிலையான கிளையைச் சார்ந்தவை.

பொதியைத் திரும்பப் பெற்ற விதமும் குறிப்பிடத்தக்கது. பொதி மேலாண்மை நிரல் பெரிய பதிப்பெண்ணில் இருந்து சிறியதற்குத் தானாக இறங்காது. எனவே "5.6.1, மெய்யாக 5.4.5" என்ற பொருளில் பதிப்பெண் இடப்பட்டுப் பழைய நிரல் அனுப்பப்பட்டது.

இரண்டாவது நிகழ்வு இதற்கு நேர்மாறானது. 2006 செப்டம்பரில் "ஓப்பன்எஸ்எஸ்எல்" என்ற மறையாக்க மென்பொருளின் டெபியன் பொதியில் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றம், சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் பகுதியைச் செயலிழக்கச் செய்தது. இதனால் எண்ணிலடங்காமல் இருக்க வேண்டிய மறையாக்கச் சாவிகள், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,768 ஆகக் குறைந்தன. அவற்றை எல்லாம் ஒருவர் முன்கூட்டியே கணித்து வைத்துக்கொள்ள முடியும். இந்தப் பொதி நிலையற்ற கிளையையும் சோதனைக் கிளையையும் தடையின்றிக் கடந்து, 2007 ஏப்ரலில் "எட்ச்" என்ற நிலையான வெளியீட்டில் இடம்பெற்றது. 2008 மே 13 அன்றுதான் குறை அறிவிக்கப்பட்டது. அதுவரை உருவாக்கப்பட்ட சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. எட்ச்சுக்கு முந்தைய சார்ஜ் பாதிக்கப்படவில்லை.

காத்திருப்புக் காலத்தால் எவ்வகை வழுவைப் பிடிக்க முடியும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன. எக்ஸ்இசட் பின்வாசல் ஒரு தாமதத்தை உண்டாக்கியது. கவனமுள்ள ஒருவர் கண்ணில் அது பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் குறை வெளியில் எந்த அறிகுறியும் காட்டவில்லை. சாவிகள் உருவாயின, அவை இயங்கவும் செய்தன. யாரும் வழு அறிவிக்காததை வழு இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

மூன்றாவது நிகழ்வு நிலையான கிளைக்குள்ளேயே நேர்ந்தது. 2023 டிசம்பரில் 12.3 இடைவெளியீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட 6.1.64 கருனியில், "எக்ஸ்ட்4" கோப்பு முறைமையின் தரவுகளைச் சிதைக்கக்கூடிய வழு இருப்பது தெரிய வந்தது. புதிய கருனியில் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தைப் பழைய 6.1 கருனிக்குக் கொண்டுவந்தபோது, அதற்குத் துணையாக இருக்க வேண்டிய வேறொரு மாற்றம் விடுபட்டதே காரணம். 12.3 நிறுவல் வட்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டு, டிசம்பர் 10 அன்று திருத்தப்பட்ட கருனியுடன் 12.4 வெளியிடப்பட்டது. பழைய பதிப்பில் ஒரு சில வரிகளைப் பொருத்துவது எளிய பணி போலத் தோன்றினாலும், அந்த வரிகள் எவற்றைச் சார்ந்துள்ளன என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

பிற இயங்குதளங்களில்

லினக்சு கருனியில் ஒரு காலத்தில் பதிப்பெண்ணே கிளையைக் காட்டியது. 2.4 போல இரண்டாம் எண் இரட்டைப்படையானால் நிலையானது, 2.5 போல ஒற்றைப்படையானால் வளர்நிலை. 2001 ஜனவரியில் 2.4 வந்த பின், 2003 டிசம்பரில்தான் 2.6 வந்தது. இடைவெளி நீண்டதால் இம்முறை கைவிடப்பட்டது. இப்போது ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய கருனி வெளியாகிறது. அவற்றுள் சில நீண்டகால ஆதரவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

பிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் "கரண்ட்", "ஸ்டேபிள்", "ரிலீஸ்" என்ற மூன்று சொற்கள் வழங்குகின்றன. அங்கே "ஸ்டேபிள்" என்பது டெபியனில் உள்ள பொருளைத் தருவதில்லை. கரண்டில் சோதிக்கப்பட்ட மாற்றங்கள் ஸ்டேபிளுக்கு வந்து சேர்கின்றன. அதிலிருந்து ரிலீஸ் பிரிகிறது. அதாவது அங்கு ஸ்டேபிளும் ஒரு வளர்நிலைக் கிளையே. பொதுப் பயனருக்கு உரியது ரிலீஸ். ஆகவே சொல் ஒன்றாயினும் ஒவ்வொரு திட்டத்திலும் அதன் பொருளைத் தனியே அறிந்துகொள்ள வேண்டும்.

ஆர்ச் லினக்சு, ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவை தொடர் வெளியீட்டு முறையைப் பின்பற்றுகின்றன. அவற்றில் பெரிய வெளியீடு என்று தனியாக ஒன்று இல்லை. உபுண்டு தன் பொதிகளில் பெரும்பகுதியை டெபியனிலிருந்து பெற்று, ஈராண்டுகளுக்கு ஒருமுறை நீண்டகால ஆதரவு வெளியீட்டைத் தருகிறது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய "பாஸ்" இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

கிளையைத் தேர்ந்தெடுத்தல்

வழங்கி, அலுவலகக் கணினி, பள்ளி ஆய்வகம் ஆகியவற்றுக்கு நிலையான கிளையே ஏற்றது. ஏதேனும் ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு மட்டும் தேவைப்பட்டால், சோதனைக் கிளையின் பொதிகளை நிலையான கிளைக்கென மீண்டும் தொகுத்துத் தரும் "பேக்போர்ட்ஸ்" களஞ்சியத்தைப் பயன்படுத்தலாம்.

சோதனைக் கிளை நடுவில் இருப்பதால் பாதுகாப்பிலும் நடுநிலையானது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் நிலையான கிளைக்குப் பாதுகாப்புக் குழுவின் வழியாக நேரடியாக வருகின்றன. நிலையற்ற கிளைக்குப் புதிய பதிப்புடன் வந்துவிடுகின்றன. சோதனைக் கிளைக்கோ அவை காத்திருப்புக் காலத்தையும் சார்பு நிபந்தனைகளையும் கடந்தே வந்து சேர வேண்டும். எனவே சில வேளைகளில் திருத்தம் கடைசியாக வந்தடையும் இடம் சோதனைக் கிளையாக இருக்கும்.

நிலையான கிளையில் இயங்கும் கணினியில் சிட் கிளையின் பொதிகளை ஆங்காங்கே கலந்து நிறுவுவதும் தவிர்க்கப்பட வேண்டியது. ஒரு புதிய பொதி அடிப்படை நிரலகங்களின் புதிய பதிப்பை இழுத்து வரும். அவை பிற பொதிகளைப் பாதிக்கும். முடிவில் அக்கணினி எந்தக் கிளையையும் சேராததாகிவிடும். அதற்குரிய சேர்க்கையை வேறு எவரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

டெபியன் வளர்ச்சிக்கு உதவ விரும்பும் மாணவர்கள் ஒரு மெய்நிகர் கணினியில் சோதனைக் கிளையையோ நிலையற்ற கிளையையோ நிறுவிப் பயன்படுத்தலாம். முக்கியமான கோப்புகளை அதில் வைக்காமல், காணும் வழுக்களைத் தெளிவாக எழுதி அறிவிக்க வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவரும் இப்பணியைச் செய்யலாம். காத்திருப்புக் காலத்தில் பொதியைப் பயன்படுத்திப் பார்த்து அறிவிப்பவர்கள் இல்லாவிட்டால் அந்த நாள்கள் வெறுமனே கழிந்துவிடும்.